லீவு எத்தனை நாள்?

வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், ‘என்ன செய்யுது?’ என்று கேட்பார் என எதிர்பார்த்துத்தான் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

“லீவு எத்தனை திவசம் உண்டு?”

“ஏழு நாள் டாக்டர். போக, வர ரெண்டு நாள் அதுலயே அடக்கம்.”

எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு பழைய வைத்தியசாலை அது. ஓட்டுக் கட்டடம், நடுவில் முற்றம், முற்றத்தில் கொட்டோ கொட்டென்று மழை. கர்க்கடக மாதம். நம் ஊரில் ஆடி. எனக்கு ஒன்றரை வருடமாகக் கழுத்து வலி. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் பிறகு தூக்கம் கிடையாது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்த சென்னை டாக்டர், “பெரிசா ஒண்ணுமில்லை சார், ஸ்ட்ரெஸ்தான். கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க” என்று சொல்லி, ரிலாக்ஸ் ஆவதற்கு இரண்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆடிட் ஆபீஸில் வேலை. வருமான வரி ரிட்டர்ன் கெடு முடிந்த கையோடு, முதலாளி அரை மனதாகக் கொடுத்த லீவு அது.

என்னைக் கிளப்பி அனுப்பியது மனைவி. அவள் வேலை பார்க்கும் ஸ்கூலில் ஒரு டீச்சரின் வீட்டுக்காரர், கேரளா போய் பஞ்சகர்மா செய்துகொண்டு பத்து வயது குறைந்து திரும்பினாராம். அவர் கொண்டு வந்த வழவழ நோட்டீஸ் ஒன்றும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. ‘நச்சு நீக்கம், மன அழுத்தத்திலிருந்து விடுதலை, மீண்டும் இளமை. 5 நாள், 7 நாள் பேக்கேஜ்கள் உண்டு.’ அட்டையில் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். நெற்றியில் எண்ணெய் ஒழுகுகிறது. அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

வைத்தியர் நோட்டீஸ் மாதிரி பேசவில்லை.

“பஞ்சகர்மம்னு சொன்னா குறைஞ்சது பதினாலு திவசம் வேணும். பின்னே பதினாலு திவசம் நல்லிரிக்க. அஞ்சு திவசத்துல அதெல்லாம் நடக்காது. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, கஞ்சி குடிச்சு, உறங்கிட்டுப் போங்கோ. நல்லதுதான். ஆனா அதுக்குப் பஞ்சகர்மம்னு பேரு சொல்லாதீங்கோ.”

நல்லிரிக்க என்பது, சிகிச்சை முடிந்த பிறகு பத்தியமாக இருக்கும் காலத்துக்கு மலையாளத்தில் உள்ள பெயர். எத்தனை நாள் சிகிச்சையோ, அதற்குப் பிறகும் அத்தனை நாள். நம் காதுக்கு ‘நல்லா இருக்க’ என்று வாழ்த்துகிற மாதிரி கேட்கிறது. ‘நல்லபடியாக இரு’ என்று உத்தரவு போடுகிற மாதிரியும் கேட்கிறது.

அந்த ஐந்து நாளும் சாயங்கால மழையில் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்குக் கிடைத்த சிகிச்சை அதுதான்.

*

பஞ்சகர்மம் என்றால் ஐந்து வேலைகள். வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, வஸ்தி எனப்படும் எனிமா, மூக்கில் மருந்து விடும் நசியம், ரத்தத்தை வெளியேற்றுவது. சரகர் ரத்தத்தை விட்டுவிட்டு, வஸ்தியையே இரண்டு வகையாகப் பிரித்து ஐந்து கணக்குச் சொல்வார். எப்படி எண்ணினாலும், நோட்டீஸ் அட்டையில் இருந்த நெற்றி எண்ணெய் அந்த ஐந்தில் கிடையாது. பூப்போட்ட தட்டும் கிடையாது. வாந்தியையும் பேதியையும் அட்டையில் போட்டால் யார் வருவார்கள்?

இந்த ஐந்துக்கும் முன்னால் ஏற்பாடு உண்டு. காலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய் குடிக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கூட, அதற்கு மறுநாள் இன்னும் கூட. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை போகும். நெய் வாசனையே குமட்டும். நன்றாகப் பசித்த பிறகுதான் கஞ்சி. பிறகு உடம்பில் எண்ணெய் தேய்த்து வியர்க்க வைப்பார்கள். இறுகிக் கிடப்பது இளகிய பிறகுதான் பேதி மருந்து. பேதி முடிந்ததும் வயிறு கைக்குழந்தையின் வயிறு மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் தண்ணீர்க் கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு பயற்றம்பருப்புச் சாறு, கடைசியாகச் சோறு என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே பரோட்டா சாப்பிட்டால் செய்ததெல்லாம் வீண்.

இது தவிர எட்டு விஷயங்களைத் தள்ளி வைக்கச் சொல்கிறது சரக சம்ஹிதை. உரக்கப் பேசுவது, வண்டியில் குலுங்கிப் போவது, அளவுக்கு மீறி நடப்பது, அளவுக்கு மீறி உட்கார்ந்திருப்பது, முன் சாப்பிட்டது செரிக்காமல் சாப்பிடுவது, உடம்புக்கு ஆகாததைச் சாப்பிடுவது, பகல் தூக்கம், உடலுறவு. வைத்தியர் ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி இரண்டை விட்டுவிடுங்கள். மற்ற ஆறும்தான் என் வேலை நாள். டவுன் பஸ்ஸில் குலுங்கிப் போய், ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, போனில் கத்தி, மதியம் சாப்பிட்டது செரிப்பதற்குள் சாயங்காலம் பஜ்ஜி.

“ஆகையினாலயாக்கும் லீவு கேட்டது” என்றார்.

*

‘நச்சு நீக்கம்’ என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று இது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஜூஸ் குடித்தால் நச்சு போகும், காலில் பட்டை ஒட்டினால் நச்சு போகும் என்கிறார்கள். எந்த நச்சு என்று கேட்டால் பதில் கிடையாது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் ராப்பகலாக லீவே போடாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை நின்றுபோனால் எண்ணெயால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

ஆயுர்வேதம் சொல்வது ஆமம். அதற்கு நேர்ப்பொருள், வேகாதது, செரிக்காதது. நம் பாட்டிமார் ‘ஆமம் சேர்ந்திருக்கு’ என்று சொன்னார்களே, அதேதான். வெளியிலிருந்து யாரோ உடம்புக்குள் வைத்த விஷம் என்ற எண்ணம் அதில் இல்லை. நாமே உள்ளே போட்டது. போட்டதைச் செரிக்க நேரம் கொடுக்கவில்லை. ஆமத்தை ‘நச்சு’ என்று மாற்றியபோது, அர்த்தத்தோடு சேர்த்து பொறுப்பும் கை மாறிவிட்டது. விஷம் வைத்தவன் வேறு யாரோ, எடுக்கிறவர் வைத்தியர், நடுவில் நான் படுத்துக்கொண்டால் போதும்!

வாந்தி, பேதி எல்லாம் விளையாட்டு சமாச்சாரமும் இல்லை. இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரொம்பவும் பலவீனமானவர்கள் நோட்டீஸைப் பார்த்துக் கிளம்பிவிடக் கூடாது. படித்த வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ட இடத்தில் மருந்து வாங்குவதும் ஆபத்து. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கி அமெரிக்காவில் சோதித்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. நச்சை எடுக்கப் போய் நச்சை விலைக்கு வாங்கிய கதை.

*

இந்தச் சங்கதி நமக்கு ஒன்றும் புதிதில்லை. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியில் கணக்கே உண்டு. நாலு நாளுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம், நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து. வேலைக்காரி சம்பளம், பால் கணக்கு மாதிரி இதுவும் வீட்டுக் கணக்கில் ஒன்றாக இருந்திருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் நாள் ஞாபகம் இருக்கும். முழுப் பரீட்சை லீவு ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பாட்டி நம் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்து, விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவாள். பின்னாலேயே ஒரு வாய் காபி. அன்றைக்கு விளையாடப் போக முடியாது. கொல்லைக்கும் திண்ணைக்கும் நடை. மத்தியானம் குழைந்த ரசம் சாதம். சாயங்காலம் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். ஏழு மணிக்கே தூக்கம் சொக்கும். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு விளக்கெண்ணெய் கிடையாது. அது இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் நாலு பேருக்கும் ரசம் வைத்து, துணி அலசி, தண்ணீர் இறைத்து ஊற்றியது அவள். ‘உனக்கு பேதி மருந்து வேண்டாமாம்மா?’ என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. அவள் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேரளத்தில் இன்று கர்க்கடகம் என்றால் சிகிச்சை மாதம், மருந்துக் கஞ்சிப் பாக்கெட் விற்கும் மாதம். அங்கே பெரியவர்களைக் கேட்டால் ‘பஞ்சக் கர்க்கடகம்’ என்பார்கள். வேலை கிடையாது, பத்தாயம் காலி, ராமாயணம் வாசித்துக்கொண்டு மழை விடக் காத்திருந்த மாதம். வயல் வேலை நின்றதால்தான் உடம்புக்கு ஓய்வு. எண்ணெய்த் தோணியில் படுத்தவர்களும் இருந்தார்கள், கஞ்சிக்கே வழியில்லாமல் படுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் ‘நம் முன்னோர்கள்’ என்கிறோம்.

*

மூன்றாம் நாள் வைத்தியர் ஒரு பட்டியல் சொன்னார். அடக்கவே கூடாதவை என்று சரகர் சொல்லும் பதின்மூன்று. சிறுநீர், மலம், விந்து, காற்று, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம், வேலை செய்து களைத்தபின் வாங்கும் மூச்சு. சித்த மருத்துவம் பதினான்கு வேகங்கள் என்று சொல்லும். வந்தால் விட்டுவிட வேண்டும், அடக்கினால் நோய்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது மருத்துவம். சரகர் அடுத்ததாக, அடக்கியே ஆக வேண்டியவை என்று இன்னொரு பட்டியல் போடுகிறார். பேராசை, துக்கம், பயம், கோபம், கர்வம், வெட்கமின்மை, பொறாமை, அளவு மீறிய பற்று, அடுத்தவன் பொருள்மேல் ஆசை. கூடவே கடும் சொல், கோள், பொய், நேரம் பார்க்காமல் பேசுவது.

நான் கணக்குப் பார்க்கிறவன். இரண்டு பட்டியலையும் கேட்டதும் எனக்கு ஐந்தொகை ஞாபகம்தான் வந்தது. வரவில் எழுத வேண்டியதைப் பற்றிலும், பற்றில் எழுத வேண்டியதை வரவிலும் எழுதி வைத்திருக்கிறோம். மீட்டிங் முடியட்டும் என்று சிறுநீரை அடக்குகிறோம். கெடு இருக்கிறது என்று பசியை, தூக்கத்தை அடக்குகிறோம். ஆம்பளை அழலாமா என்று கண்ணீரை அடக்குகிறோம். மாதவிடாய் நாளிலும் நாலு மணி நேரம் ஒதுங்க இடமில்லாமல் கடையில் நின்று துணி எடுத்துக் காட்டும் பெண்களை எத்தனை பார்த்திருக்கிறோம். கோபத்தை மட்டும் யாரிடம் எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம், கீழே வேலை பார்க்கிறவனாக இருந்தால் போதும். ஆசையை அடக்காதே, வளர்த்துக்கொள் என்று தெருவுக்கு நாலு போர்டு சொல்கிறது.

இதற்கு சரகர் வைத்திருக்கும் பெயர் பிரக்ஞாபராதம். அறிவு, மன உறுதி, நினைவு இந்த மூன்றும் வழுக்கி, தப்பு என்று தெரிந்தும் அதையே செய்வது. அறிவுக்கு எதிராக நாம் செய்யும் குற்றம். நோய்க்கான அடிப்படைக் காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார். தெரியாமல் செய்தால் சொல்லித் திருத்தலாம். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்தால் தூக்கம் கெடும் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்துகொண்டே செய்கிறவனுக்கு எந்த எண்ணெய் பிடிக்கும்?

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. “டாக்டர், எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு சொல்றது சுலபம். கெடு வச்சது நானா? ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்றது முதலாளி. எடுக்கலேன்னா வேலை போயிடும். வீட்டு லோன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. இதுல என் குற்றம் எங்க இருக்கு?”

அவர் கோபப்படவில்லை. ஒரு கதை சொன்னார். சரக சம்ஹிதையிலேயே, விமானஸ்தானத்தில், ஜனபதோத்வம்சம் என்று ஓர் அத்தியாயம் உண்டாம். ஊரே ஒரே சமயத்தில் நோயில் விழுவதைப் பற்றி. ஒவ்வொருவர் உடம்பும் வேறு, சாப்பாடு வேறு, வயது வேறு. அப்படியிருக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படி நோய் வரும் என்று சீடர் கேட்கிறார். காற்று, தண்ணீர், நிலம், காலம் கெட்டுப்போனால் வரும் என்கிறார் ஆத்ரேயர். அவை ஏன் கெடுகின்றன? அதர்மத்தால். நாட்டுக்கும் நகரத்துக்கும் வணிகக் கூட்டத்துக்கும் தலைமை தாங்குகிறவர்கள் தர்மம் தவறினால், அது கீழே இறங்கி ஊர் முழுக்கப் பரவும் என்பது பதில்.

“உங்களுக்கு மட்டும் உறக்கம் போனா உங்க பிரக்ஞாபராதம். ஆபீஸ்ல எல்லாருக்கும் போனா, அது உங்க முதலாளியோட பிரக்ஞாபராதம். நான் உங்களுக்கு மட்டுமேதான் எண்ணெய் தேய்க்க முடியும்” என்றார்.

இந்த ஒரு வரிக்காகவே ஐந்து நாள் வாடகை கொடுக்கலாம். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே எஞ்சினீயர்கள் பாஷை. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, கடும் பாதிப்புகளை உடம்பு எப்படி எதிர்கொள்கிறது என்று எழுதியதிலிருந்துதான் அது மெல்ல மருத்துவத்துக்குள் வந்தது. உத்தரத்தில் விரிசல் கண்டால் நல்ல எஞ்சினீயர் முதலில் கேட்பது, ‘மேலே எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்?’ என்று. நாம் பாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உத்தரத்துக்கு எண்ணெய் தேய்க்கிறோம். பிரான்ஸில் 2017-லிருந்து, 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கம்பெனிகள், வேலை நேரத்துக்குப் பிறகு போன், மெயில் தொந்தரவு இல்லாமல் இருப்பதைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது பாரத்தைப் பற்றிப் பேசும் வழி. ஊழியர்களை வருடத்துக்கு ஒரு தடவை ரிசார்ட்டுக்கு அனுப்பி மசாஜ் செய்து கூட்டி வருவது இன்னொரு வழி. செலவு கம்மி, போட்டோவும் நன்றாக வரும்.

*

எனக்குத் தினமும் உழிச்சல் செய்தவர் கொழிஞ்சாம்பாறைக்காரர். எல்லைப் பக்கம் ஆனதால் நல்ல தமிழ். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளிலிருந்து பாதம் வரை அவர் கை ஒரே அழுத்தத்தில் போய் வரும். ஒரு மணி நேரம். என் உடம்பை இத்தனை கவனத்தோடு யாராவது தொட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தபோது, எதிர்பாராமல் கண் கலங்கிவிட்டது. அடக்கக் கூடாத பதின்மூன்றில் அதுவும் ஒன்றாயிற்றே, விட்டுவிட்டேன். அவர் பார்க்காத மாதிரி காலுக்கு நகர்ந்துவிட்டார்.

நாலாம் நாள் கவனித்தேன், வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார்.

“என்ன தம்பி, கையில?”

“நரம்பு பிடிச்சுக்கும் சார். சீசன்ல ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆள் வரும். ஆடி மாசம் எங்களுக்கு லீவு கிடையாது.”

“உங்களுக்கு யாரு உழிச்சல் பண்ணி விடுவாங்க?”

அவர் சிரித்தார். “எனக்கா? வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்தா, சின்னப் பொண்ணு முதுகுல ஏறி நடப்பா. ஆறு வயசு. நல்ல வெயிட்டு.”

வைத்தியத்துக்கு நாலு கால் என்று சரகர் சொல்கிறார். வைத்தியர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர், நோயாளி. நம் வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தைக் கடைசியில் இதே நாலைச் சொல்லித்தான் முடிக்கிறார். அன்று ராத்திரி எனக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் அந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. அதில் வைத்தியர் படம் உண்டு. மருந்து, எண்ணெய்க் கிண்டி படம் உண்டு. எண்ணெய் ஊற்றுகிறவரின் கை மட்டும் உண்டு, முகம் கிடையாது. நோயாளி கண்ணை மூடியிருக்கிறாள், அவள் செய்ய வேண்டிய வேலை எதுவும் சொல்லப்படவில்லை. நாலு காலில் இரண்டை வெட்டிவிட்டு, மீதி இரண்டுக்கு விலை போட்டிருக்கிறார்கள். குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. நாம் கேட்டதைத்தான் விற்கிறார்கள். நல்லிரிக்கையோடு சேர்த்து இருபத்தெட்டு நாள் என்று சொன்னால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுவோமே.

விலைக்கு வாங்க முடிகிற பகுதியை வாங்கிவிட்டு, நாமே செய்ய வேண்டிய பகுதியை விட்டுவிட்டு வந்தால், அது சிகிச்சைதானா? பழைய கடனை அடைக்காமல் வட்டியை மட்டும் கட்டி, கணக்கை உயிரோடு வைத்திருப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கழுத்து வலி கொஞ்சம் குறையும், அடுத்த வருடம் வரை அதே வாழ்க்கையை இழுக்கத் தெம்பு வரும். பாவம் செய்து, குளத்தில் முங்கி, மறுபடி பாவம் செய்யப் புத்துணர்ச்சியோடு கிளம்பியவர்களைக் கேலி செய்த நாம்தான் இதையும் செய்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஐந்து நாள் முடிந்து பாலக்காட்டில் ரயிலேறி போனை ஆன் செய்தேன். கோயம்புத்தூர் வருவதற்குள் நூறுக்கு மேல் மெயில். திருப்பூரில் முதல் சத்தம் போட்டேன். ஈரோட்டில் கழுத்து லேசாக இறுக ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் பழையபடி ராத்திரி மூன்று மணி.

அடுத்த வருடம் முதலாளியிடம் இருபத்தெட்டு நாள் கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பதினாலு கிடைத்தது. ஏழு நாள் வைத்தியசாலை, ஏழு நாள் வீட்டில் நல்லிரிக்க என்று பங்கு வைத்துக்கொண்டேன். வைத்தியர் அரை மனதாகச் சம்மதித்து, மருந்துச் சீட்டின் அடியில் அதையும் எழுதிக் கொடுத்தார்.

வைத்தியசாலையில் இருந்த ஏழு நாள் சுலபம். யாரோ சமைத்தார்கள், யாரோ தேய்த்தார்கள், படுத்திருந்தேன். வீட்டில் இருந்த ஏழு நாள்தான் பரீட்சை. போன் பீரோவுக்குள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கஞ்சி, ஒன்பதுக்கு விளக்கணைப்பு. முதல் இரண்டு நாள் கை போனைத் தேடித் துழாவியது. மூன்றாம் நாள் மகனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். அவன் சந்தேகமாகப் பார்த்து, “அப்பா, வேலை போயிடுச்சா?” என்றான். நாலாம் நாள் அவன் டம்ளரைக் கீழே போட்டதற்குத் தெருவே கேட்கும்படி கத்திவிட்டேன். உரக்கப் பேசக் கூடாது என்பதுதான் எட்டில் முதலாவது. கத்தி முடித்ததும் கழுத்தில் ‘சுரீர்’ என்றது. யாரும் சொல்லாமலே எனக்குக் காரணம் புரிந்த முதல் வலி அது.

ஏழாம் நாள் ராத்திரி, மனைவி ஸ்கூல் பரீட்சைப் பேப்பர்களைக் கட்டி வைத்துவிட்டு எனக்குக் கஞ்சி கொண்டு வந்தாள். மணி ஏழு. ஏழு நாளும் ஏழு மணிக்குக் கஞ்சி வந்திருக்கிறது. எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

“முகம் நல்லா தெளிவா இருக்குங்க” என்றாள். பிறகு சாதாரணமாக, குறை சொல்கிற தொனி துளியும் இல்லாமல் கேட்டாள். “எனக்கு எப்போ லீவு போடலாம்?”

வைத்தியர் கேட்ட அதே கேள்வி. என் அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி. கொழிஞ்சாம்பாறைக்காரர் இரண்டாவது வருடமும் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்த கேள்வி. நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆபீஸ் போக வேண்டும். காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, எத்தனை தண்ணீர் வைப்பது என்று தெரியாமல், ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். குழைந்துதான் போயிற்று. கஞ்சிதானே, பரவாயில்லை என்று சாப்பிட்டாள்.